மண்டைக்குள் யாருக்கு என்ன வேலை?

பெங்களூருக்குள் ஓசூர் ரோடு என்றே ஒரு சாலை இருக்கிறது. நிம்ஹான்ஸ் மருத்துவமனை அந்தச் சாலையில்தான் இருக்கிறது. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒருவருக்கு வலிப்பு வந்தாலோ, புத்தி பேதலித்தாலோ, ‘நிம்ஹான்ஸுக்குக் கூட்டிட்டுப் போங்க’ என்று சொல்ல வீதிக்கு ஒருவர் உண்டு. ஸ்கேன் கவரை மடியில் வைத்துக்கொண்டு அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டும் பஸ்ஸில் உட்கார்ந்திருப்பவர்களைத் தினமும் பார்க்கலாம். மனசு சரியில்லை என்றால் மந்திரவாதியிடம் போகாதே, மூளையைப் பார்க்கும் டாக்டரிடம் போ என்று இந்த வட்டாரத்துக்குக் கற்றுக்கொடுத்ததில் எங்கள் மேடைப் பேச்சுகளைவிட அந்த ஆஸ்பத்திரிக்குப் பங்கு அதிகம். பகுத்தறிவாளன் என்ற முறையில் அதற்கு நான் நன்றிக்கடன் பட்டவன்.

அங்கே மருத்துவ உளவியல் துறையின் தலைவராக இருந்தவர் சி.ஆர். முகுந்தன். பிற்காலத்தில் அவர் ஒரு சோதனை முறையை உருவாக்கினார். மின்முனைகள் பதித்த தொப்பியைத் தலையில் மாட்டி ஒருவரை உட்காரவைப்பார்கள். பிறகு வாக்கியங்களை ஒவ்வொன்றாக ஒலிக்கவிடுவார்கள். ‘நான் ஆர்சனிக் வாங்கினேன்’ என்பது போல எல்லாமே ‘நான்’ என்று அவரே சொல்வதாக இருக்கும். உட்கார்ந்திருப்பவர் வாய் திறக்க வேண்டியதில்லை, தலையாட்டவும் வேண்டியதில்லை. காதில் விழுந்தது அவருக்கு வெறும் சேதியா, அவரே செய்து அறிந்த காரியமா என்பதை மூளையின் மின்னலைகளே காட்டிக்கொடுத்துவிடும் என்றார்கள். 2008 ஜூனில் புனேயில் ஒரு நீதிமன்றம், முன்னாள் காதலரைப் பிரசாதத்தில் விஷம் கலந்து கொடுத்துக் கொன்றதாகக் குற்றம் சாட்டப்பட்ட இளம்பெண்ணுக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அந்தத் தொப்பி சொன்னதும் தீர்ப்பில் சான்றாக ஏறியது. வாய் மூடி உட்கார்ந்திருந்த ஒரு பெண்ணின் மௌனத்தை, அவளே கொடுத்த வாக்குமூலம் போல நீதிமன்றம் எடுத்துக்கொண்டது.

இந்த முறை சரிதானா என்று ஆராய அதே காலத்தில் ஒரு நிபுணர் குழு அமைக்கப்பட்டது. அதற்குத் தலைவர் நிம்ஹான்ஸ் இயக்குநராக இருந்த டி. நாகராஜா. இது அறிவியல் முறை ஆகாது, விசாரணைக்கோ சான்றுக்கோ இதைப் பயன்படுத்தக்கூடாது என்று அந்தக் குழு சொன்னது. தன் வீட்டில் வளர்ந்தவர் கொண்டுவந்ததையே உரசிப் பார்த்து, தேறவில்லை என்று சொல்லும் துணிச்சல் இருக்கிறதே, அறிவியல் என்று நான் மதிப்பது அதைத்தான். 2010 மே 5 அன்று, ‘செல்வி எதிர் கர்நாடக மாநிலம்’ என்ற வழக்கில், தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான மூவர் அமர்வு தீர்ப்பளித்தது: உண்மை மருந்து ஊசி, பொய் அறியும் கருவி, மூளை அலைச் சோதனை எதையும் ஒருவருடைய விருப்பத்துக்கு மாறாகச் செய்யக்கூடாது. தனக்கு எதிராகத் தானே சாட்சியாக யாரையும் கட்டாயப்படுத்த முடியாது என்கிற அரசியல் சட்டத்தின் 20(3), வாழ்வுரிமை பேசும் 21 இரண்டையும் அமர்வு எடுத்துக்காட்டியது. மனதுக்கும் அந்தரங்கம் உண்டு என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

நம்முடைய மேடைகளில் இந்தத் தீர்ப்பைப் பற்றி ஒருவர் பேசி நான் கேட்டதில்லை. பகுத்தறிவுத் தோழர்களிடம் எனக்கு இருக்கும் சண்டை இங்கேதான் தொடங்குகிறது. உள்ளத்தில் நினைப்பதெல்லாம் அறியும் கடவுள் என்ற கற்பனையை உடைக்க எத்தனை கூட்டம் போட்டோம். பயமுறுத்தி அடக்கிவைக்க அது எவ்வளவு வசதியான கற்பனை என்று ஊர் ஊராக விளக்கினோம். அதே வேலையை ஒரு கருவி செய்யும் என்று வெள்ளைக் கோட்டுப் போட்டவர் சொன்னால் வாயடைத்து நிற்கிறோம். திரையில் அதைப் பார்த்தால் விசிலடிக்கிறோம். மனங்களை இணைக்கும் படம், நினைவை எடுத்து மாட்டும் படம், கனவுக்குள் நுழையும் படம் வந்துவிட்டால் ‘நம்ம ஆளுங்க படம்’ என்று கொண்டாடுகிறோம். சாமி இல்லை, பேய் இல்லை, லேப் இருக்கிறது, அப்புறமென்ன?

அப்புறம் நிறைய இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

சி.வி. குமார் இயக்கி 2017 டிசம்பரில் வந்த ‘மாயவன்’ படத்தில் ஒரு விஞ்ஞானி தன் நினைவுகளை, ‘நான்’ என்று தனக்குள் இருப்பதை, அடுத்தடுத்த உடம்புகளுக்கு மாற்றிச் சாகாமல் இருக்கப் பார்க்கிறான். கொலைகள் விழுகின்றன, ஒரு போலீஸ் அதிகாரி துரத்துகிறார். விறுவிறுப்பான படம். ஆனால் கதையின் அடியில் இருப்பது கூடு விட்டுக் கூடு பாய்தல்தான். சேக்கிழார் சொல்லும் திருமூலர் கதையை நினைத்துப் பாருங்கள். சாத்தனூரில் மாடு மேய்க்கும் மூலன் செத்துக் கிடக்கிறான், மாடுகள் அவனைச் சுற்றி நின்று அழுகின்றன, அந்த வழியே வந்த யோகி இரக்கப்பட்டு அவன் உடம்புக்குள் புகுகிறார். மாடுகளின் துயரம் தீர்கிறது. பொழுது சாய்ந்ததும் மூலனின் மனைவி புருஷனைத் தேடி வருகிறாள். உனக்கும் எனக்கும் எந்த உறவும் இல்லை என்கிறார் உள்ளே இருப்பவர். மாட்டின் கண்ணீருக்கு இரங்கிய கதை அவள் கண்ணீரைத் தாண்டிப் போய்விடுகிறது. கணவன் இறந்துவிட்டான், கட்டிப்பிடித்து அழ அவன் உடம்புகூட அவளுக்கு இல்லை. நூற்றுக்கணக்கான ஆண்டுகளாக நாம் யோகியின் பெருமையை மட்டுமே பேசி வந்திருக்கிறோம்.

மனம் யோகியுடையது, உடம்பு மாட்டுக்காரனுடையது. இந்தப் பங்கீட்டை மனதில் வைத்துக்கொண்டு மற்றப் படங்களுக்கு வாருங்கள்.

2011 தீபாவளிக்கு வந்த ‘7ஆம் அறிவு’. சூர்யா சர்க்கஸில் வேலை செய்பவர். அவர் போதிதர்மரின் வழிவந்தவர் என்று மரபணு ஆராய்ச்சி மாணவி கண்டுபிடிக்கிறாள். காஞ்சிபுரத்துப் பல்லவ இளவரசனின் மருத்துவமும் போர்க்கலையும் அவர் மரபணுவுக்குள் தூங்குகின்றன, அதைத் தட்டி எழுப்பினால் போதும். எழுகிறது, நாடு பிழைக்கிறது. எதிரியாக வருபவன் பார்வையாலேயே அடுத்தவர் மனதைப் பிடித்துக் கொலை செய்ய வைக்கிறான். அது கெடுதல் என்று நமக்குப் பளிச்சென்று தெரிகிறது. ஆனால் கதாநாயகனுக்கு நடப்பதும் அதுவேதான். சர்க்கஸில் தொங்கவும் தாவவும் அவன் உயிரைப் பணயம் வைத்துக் கற்றது எதற்கும் உதவவில்லை. அவனுக்குள் ஓர் இளவரசன் வந்து இறங்கினால்தான் அவன் ஆளாகிறான்.

தகப்பன் பழகிய சிலம்பம் மகனின் மரபணுவில் எழுதப்படுவதில்லை. கற்ற வித்தை விந்திலும் கருமுட்டையிலும் ஏறுவதில்லை. பள்ளிப் பாடத்திலேயே இருக்கும் உயிரியல் இது. குலத்தோடு திறமை வரும் என்பதைத் தமிழ்நாடு ஒரு தடவை தெருவில் இறங்கித் தோற்கடித்திருக்கிறது. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி முதலமைச்சராக இருந்தபோது, 1953-இல், கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பாதிப் பொழுது பள்ளி, மீதிப் பொழுது பெற்றோரின் தொழில் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தார். குலக்கல்வி என்று பெயர் வைத்துப் பெரியார் எதிர்த்தார். 1954-இல் ராஜாஜி விலக, காமராஜர் வந்து அதைத் தூக்கிப் போட்டார். அப்படிப்பட்ட மண்ணில், குலத்துக்குப் பதில் டி.என்.ஏ. என்று ஒரு சொல்லைப் போட்டதும் அதே சரக்குக்கு நாம் கைதட்டினோம் என்பது எனக்கு ஆறவேயில்லை.

இதற்குச் சரியான மறுப்பு ஓசூரிலேயே இருக்கிறது. 1980-களின் பிற்பகுதியில் டைட்டன் இங்கே கைக்கடிகாரத் தொழிற்சாலை தொடங்கியது. சுற்றுவட்டக் கிராமத்துப் பிள்ளைகளையும் மாற்றுத்திறனாளிகளையும் எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். கேழ்வரகும் அவரையும் விளையும் மானாவாரிக் காட்டிலிருந்து வந்த பிள்ளைகள் அவர்கள். கடிகாரக்காரப் பரம்பரை என்று ஒன்று யாருக்கும் இல்லை. கண்ணுக்குக் கண்ணாடி வில்லையை மாட்டி, பொடிப் பொடிப் பாகங்களை இடுக்கியால் எடுத்து வைக்கும் வேலையைச் சில மாதங்களில் கற்றார்கள். நாடு முழுக்க மணி பார்த்தது. எந்த மரபணுவையும் யாரும் தட்டி எழுப்பவில்லை. பக்கத்தில் நின்று பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க ஒருவர் இருந்தார், கற்றுக்கொள்ள ஒருவர் இருந்தார். மனத்திலிருந்து மனத்துக்கு அறிவு போக மனிதன் கண்டுபிடித்த வழி அதுதான்.

கனவுக்குள் நுழையும் படமும் உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம், கர்நாடகத்தில், 2013-இல் பவன் குமார் ‘லூசியா’ எடுத்தார். பெரிய தயாரிப்பாளர் யாரும் முன்வராததால் பார்வையாளர்களிடமே பணம் திரட்டி எடுத்த கன்னடப் படம். 2015-இல் சித்தார்த் நடிக்க, ‘எனக்குள் ஒருவன்’ என்று தமிழுக்கு வந்தது. தியேட்டரில் டார்ச் அடித்து சீட் காட்டும் பையனுக்குத் தூக்கம் வருவதில்லை. ஒரு மாத்திரை கிடைக்கிறது. போட்டால் தூக்கம் வரும், விரும்பிய வாழ்க்கை தொடர்கதை போலக் கனவில் வரும். கனவில் அவன் சினிமா நட்சத்திரம். கடைசியில் கதை புரண்டு படுக்கிறது: நட்சத்திரம்தான் நிஜம், டார்ச் அடிக்கும் பையன், புகழில் சலித்துப்போன அந்த நட்சத்திரம் காணும் கனவு. நட்சத்திரத்தின் நாட்கள் கறுப்பு வெள்ளையிலும் டார்ச் பையனின் நாட்கள் வண்ணத்திலும் வருவதன் அர்த்தம் அப்போதுதான் விளங்குகிறது. கலையாக நான் மதிக்கும் படம் இது. ஆனாலும் கேட்காமல் இருக்க முடியவில்லை. ஏழ்மையை வண்ணமயமாகக் கனவு காண முடிகிறவர் யார்? பசியில்லாதவர்தான். மூன்றாம் ஷிஃப்ட் முடிந்து, பகல் வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே ஆறு பேர் படுக்கும் அறையில், ஒருவர் எழுந்த பாயில் இன்னொருவர் படுத்துத் தூக்கத்துக்குத் தவிக்கும் ஓசூர் பக்கத்துச் சூளகிரி, ஜூஜூவாடி வாழ்க்கை யாருக்கும் இனிய கனவாக வராது. வந்தால் கனவு காண்கிறவருக்கு அந்தப் பாயின் வாடை தெரியாது என்று அர்த்தம்.

மனதை இணைக்கும் படங்களில், மனம் ஒருவருக்கு, உடம்பு இன்னொருவருக்கு என்ற இந்தப் பங்கீட்டை மறைக்காமல் காட்டிய ஒரு படத்தை நான் மதித்துச் சொல்வேன். அலெக்ஸ் ரிவேரா 2008-இல் எடுத்த ‘ஸ்லீப் டீலர்’. அமெரிக்க எல்லையை ஒட்டிய மெக்சிகோவின் டிஹுவானா நகரம். எல்லை மூடப்பட்டுவிட்டது, யாரும் அந்தப் பக்கம் போக முடியாது. ஆனால் உழைப்பு போகிறது. கையிலும் முதுகிலும் துளை போட்டு, நரம்போடு கம்பியை மாட்டிக்கொண்டு, மெக்சிகோ இளைஞர்கள் இந்தப் பக்கம் நின்று கையசைக்கிறார்கள். அந்தப் பக்கம் கட்டடத்தில் ஒரு ரோபோ அசைகிறது. கூலிக்காரன் வேண்டாம், கூலிக்காரனின் வேலை மட்டும் வேண்டும். மெமோ என்ற அந்த இளைஞன் காதலிக்கும் பெண்ணோ, அவனோடு பேசிப் பழகிய நினைவுகளைக் கம்பி வழியே விலைக்கு விற்கிறாள்.

ஓசூர்க்காரனுக்கு இந்தப் படம் அயல்நாட்டுக் கதையாகத் தோன்றாது. பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டியில் திரையில் வரைந்தது ஓசூர் சிப்காட்டில் உருவாகிறது. நடுவே ஒரு மாநில எல்லை, கொஞ்சம் டிராஃபிக். வரைபவர் யோசிப்பவர் என்றும் செய்பவர் கை என்றும் பேச்சு. இதுவும் பழைய கதைதான். ஃபிரெடரிக் டெய்லர் 1903-இல் எழுதிய ‘ஷாப் மேனேஜ்மென்ட்’ நூலிலேயே, மூளை வேலையைப் பட்டறையிலிருந்து முடிந்தமட்டும் எடுத்துத் திட்டமிடும் அறைக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று சொல்லிவிட்டார். அது உண்மையாக இருந்தால், வேலையைத் தொடர்ந்து மேம்படுத்தும் கைசன் எதற்கு? யோசனைப் பெட்டி எதற்கு? ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் 2002-இல் ஜப்பானின் டெமிங் பரிசு வாங்கியது. லைனில் நிற்பவர் சொல்லும் சின்னச் சின்ன யோசனைகள் இல்லாமல் அந்த வகைத் தர நிர்வாகம் ஓர் அடி நகராது. ஸ்க்ரூ சரியாக உட்காரவில்லை என்பதை டார்க் கன்னின் சத்தத்தை வைத்தே கண்டுபிடிக்கிற பெண் கையால் மட்டும் வேலை செய்யவில்லை. அவள் விரலில் இருப்பதும் அறிவுதான்.

மனத்தை உடம்பிலிருந்து பிரித்துவிடலாம் என்பவர்களிடம், பிரஸ் ஷாப்பில் விரல் போனவர் ஒருவரிடம் பேசிப் பாருங்கள் என்பேன். இல்லாத விரல் நள்ளிரவில் வலிக்கும், அரிக்கும். தமிழ்நாட்டில் பிறந்து கலிஃபோர்னியாவில் ஆய்வு செய்த வி.எஸ். ராமச்சந்திரன் 1990-களில் இந்த மாய உறுப்பு வலிக்கு ஒரு சாதாரண முகம் பார்க்கும் கண்ணாடியைப் பயன்படுத்தினார். இருக்கிற கையை ஒரு பெட்டியில் கண்ணாடிக்கு முன்னால் அசைத்தால், போன கை திரும்பி வந்து அசைவது போலக் கண்ணுக்குத் தெரியும். சிலருக்கு அந்த வலி தணிந்தது. கை போனதும் மூளை தன் வரைபடத்தையே திருத்தி வரைகிறது. அப்படியிருக்க, என் மனதை எடுத்து இன்னொருவர் உடம்பில் ஊற்றினால் அங்கே ‘நான்’ இருப்பேன் என்று எப்படிச் சொல்வது? இந்த உடம்பு இத்தனை வருஷம் பட்டதும் தின்றதும் பழகியதும் சேர்ந்துதான் என் மனம். ஊற்றி எடுத்துப் போக அதில் எதுவும் தனியாக இல்லை. ஆன்மா இல்லை என்று சொன்ன நாம் இந்த இடத்தில் தடுமாறக் கூடாது. நினைவைச் சில்லில் ஏற்றிச் சாகாமல் வாழலாம் என்பது ஆன்மாவுக்குப் புதுப் பெயர் வைத்துக் கூப்பிடுவது.

மனித மூளையின் மின்னலையை முதன்முதலில் பதிவு செய்த ஹான்ஸ் பெர்கரின் கதை எனக்கு மிகவும் பிடித்தது. 1890-களில், ஜெர்மன் ராணுவப் பயிற்சியில் இளைஞர் பெர்கர் குதிரையிலிருந்து விழுந்து, பீரங்கி வண்டிச் சக்கரத்துக்கு முன்னால் கிடந்து, மயிரிழையில் தப்பினார். அன்றைக்கே வீட்டிலிருந்து நலம் விசாரித்துத் தந்தி. உடன்பிறந்தவனுக்கு ஏதோ ஆபத்து என்று அவருடைய சகோதரியின் மனதில் அந்தச் சமயத்தில் பட்டதாம். மனம் மனத்தோடு பேசிவிட்டது என்று நம்பிய பெர்கர், அந்தச் சக்தி எது என்று தேடியே மனநல மருத்துவரானார். 1924-இல் மனித மூளையின் அலையைப் பதிவு செய்தார், 1929-இல் வெளியிட்டார். தேடிய தொலையுணர்வு கிடைக்கவில்லை. கிடைத்தது இ.இ.ஜி. வலிப்பு நோய்க்காரர்களுக்கு இன்றைக்கும் அதுதான் துணை. நிம்ஹான்ஸ் போகிறவர்கள் மடியிலிருக்கும் கவரில் பெர்கரின் அலைகளும் இருக்கும். ஆசைப்பட்டது பொய்யானாலும் கருவி சொன்னது மெய்யாக இருந்ததால் உலகம் பிழைத்தது.

பெர்கர் தேடியதைச் செய்துவிட்டோம் என்று 2013 ஆகஸ்டில் ஒரு செய்தி வந்தது. இந்தியாவில் பிறந்த ராஜேஷ் ராவ், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில், இ.இ.ஜி. தொப்பியோடு ஒரு வீடியோ கேம் முன்னால் உட்கார்ந்து, வலது கையை அசைப்பதாக நினைத்தார். வளாகத்தின் இன்னொரு மூலையில், தலைமேல் காந்தச் சுருளோடு உட்கார்ந்திருந்த சக ஆய்வாளர் ஆண்ட்ரியா ஸ்டோக்கோவின் ஆள்காட்டி விரல் அவரை அறியாமல் துடித்து, விசைப்பலகையைத் தட்டியது. அருமையான பரிசோதனை. ஆனால் போய்ச் சேர்ந்தது என்ன? எண்ணம் போகவில்லை, அர்த்தம் போகவில்லை. ஒரு விரல் துடித்தது, அவ்வளவுதான். இங்கேயும் யோசித்தது ஒருவர், அசைந்த விரல் இன்னொருவருடையது. ஸ்டோக்கோ விவரம் தெரிந்தவர், தானே முன்வந்து உட்கார்ந்தவர், வேண்டாம் என்றால் எழுந்து போகக்கூடியவர். அதனால் அது ஆராய்ச்சி. எழுந்து போக முடியாத ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அதற்கு வேறு பெயர்.

2018-இல் அப்படி ஒரு சேதியும் வந்தது. சீனாவின் ஹாங்சோ நகரத்து மின்சாதனத் தொழிற்சாலையில் தொழிலாளர்களின் தொப்பிக்குள் மூளையலை உணரிகளைப் பொருத்தி, சோர்வையும் பதற்றத்தையும் கண்காணிப்பதாக ஹாங்காங் நாளேடு எழுதியது. அந்தக் கருவி எவ்வளவு துல்லியம் என்பது வேறு கேள்வி. துல்லியமில்லாத புனே தொப்பியே ஒரு பெண்ணுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக்கொடுத்தது. சீட்டைக் கிழிக்க ஒரு சூப்பர்வைசருக்கு அந்த அளவு துல்லியம்கூடத் தேவைப்படாது.

கெலமங்கலம் பக்கமோ போச்சம்பள்ளியிலோ ஒரு தொழிற்சாலை லைனைப் பக்கத்திலிருந்து பாருங்கள். பெல்ட்டில் அடுத்தடுத்து ஒரே பாகம் வருகிறது. எடு, பொருத்து, அழுத்து, தள்ளு. எத்தனை நொடிக்கு ஒன்று என்று தலைக்கு மேல் பலகை காட்டுகிறது. பாத்ரூம் போக டோக்கன், போனை வெளியே லாக்கரில் வை, வாசலில் முகம் காட்டிப் பதிவு செய். அங்கே நிற்கும் பெண்ணிடம் அவளுக்கென்று மிச்சமிருப்பது ஒன்றுதான். கை லைனில் இருக்கும்போதே மனம் ஊருக்குப் போய்விடும். அம்மாவின் மருந்துச் செலவு, தம்பியின் ஃபீஸ், நேற்று பார்த்த படம், யாரிடமும் சொல்லாத ஒருவர் பெயர். எட்டு மணி நேரத்தை அவள் தாங்குவது அந்தப் போக்கிடம் இருப்பதால். கவனம் சிதறுகிறது என்று அதையும் ஒரு உணரி பிடித்துத் திரையில் காட்டினால், அவளுக்குத் தன்னோடு தானாக இருக்க உலகத்தில் ஓர் அங்குல இடம் இருக்காது.

2025 நவம்பரில் ஓசூர் அருகே பெண் தொழிலாளர் விடுதியின் குளியலறையில் ரகசியக் கேமரா வைத்தது தெரியவந்தபோது, அந்தப் பெண்கள் ராத்திரியோடு ராத்திரியாகத் திரண்டு வெளியே வந்து போராடினார்கள். பல மாநிலத்துப் பெண்கள், பல மொழி. ஒருவர் அறியாமல் அவரைப் பார்ப்பது குற்றம் என்பதை எந்த வகுப்பும் எடுக்காமல் ஒரே நொடியில் எல்லோரும் புரிந்துகொண்டார்கள். அவர்கள் மனங்களை எந்தக் கம்பியும் இணைக்கவில்லை.

இணைப்பு வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். 1940-களில் ‘இனிவரும் உலகம்’ பேசிய பெரியார், ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் கம்பியில்லாத் தந்தி இருக்கும், தூரத்தில் இருப்பவரின் உருவத்தைப் பார்த்துக்கொண்டே பேசலாம் என்று முன்கூட்டிச் சொன்னார். சிப்காட் வாசல் டீக்கடையில், ஷிஃப்ட் விட்ட பிறகு, ஒடிசா பையன் தன் அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த நூல் ஞாபகம் வரும். பெரியார் கண்ட கனவில் ஒருவர் மண்டைக்குள் இன்னொருவர் புகவில்லை. முகத்தைக் காட்டி, வாயைத் திறந்து, கேட்டுப் பதில் வாங்கும் உலகம் அது. கேட்கும்போது எதிராளி மறுக்கலாம், பொய் சொல்லலாம், சும்மா இருக்கலாம். அந்த மூன்றுக்கும் இடம் கொடுப்பவர்தான் எதிரில் இருப்பவரை மனிதராக நடத்துகிறார். தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நாலு மொழியில் பூ விலை பேசும் ஓசூர்ச் சந்தைக்காரர் ஒடியாவில் நாலு வார்த்தை கற்றுக்கொண்டால் நடக்கும் காரியத்துக்கு நாம் மூளையில் துளை போடப் பார்க்கிறோம்.

சிலி நாடு 2021-இல் மூளைச் செயல்பாட்டுக்கும் அதிலிருந்து எடுக்கும் தகவலுக்கும் தன் அரசியல் சட்டத்திலேயே பாதுகாப்பு எழுதியது. நம்மிடம் செல்வி தீர்ப்பு இருக்கிறது. ஆனால் அது போலீஸ் விசாரணைக்காக எழுதியது. விருப்பத்தோடு சோதனைக்கு வருபவருக்கு வழியும் விட்டிருக்கிறது. வேலைக்குச் சேரும் நாளில் ஆங்கிலத்தில் இருக்கும் பத்துப் பதினைந்து பக்கத்தில் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போடும் பத்தொன்பது வயதுப் பெண்ணின் விருப்பம் எப்படிப்பட்டது என்று நமக்குத் தெரியும். அந்தக் கையெழுத்தும் தேவையில்லை என்கிறது 2023-ஆம் ஆண்டின் தனிநபர் டிஜிட்டல் தரவுப் பாதுகாப்புச் சட்டம். அதன் 7-ஆம் பிரிவின்படி, வேலை தொடர்பான தேவைக்கும், முதலாளிக்கு நட்டமோ சட்டப் பொறுப்போ வராமல் காக்கவும், பணியாளரின் தனிப்பட்ட தரவைச் சம்மதம் வாங்காமலே கையாளலாம். மூளையலைக்கு அதில் தனி விலக்கு எதுவும் எழுதப்படவில்லை. சோர்வைக் கண்டுபிடித்து விபத்தைத் தடுக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அந்தத் தொப்பி ஒருநாள் இங்கே வந்தால், அந்தப் பிரிவைத்தான் காட்டுவார்கள்.

ஆகவே ஓசூர், கிருஷ்ணகிரித் தொழிற்சங்கத் தோழர்களிடம் நான் கேட்பது இது. அடுத்த ஊதிய ஒப்பந்தப் பேச்சில் போனஸ், கேன்டீன், பஸ் ஆகியவற்றோடு ஒரு வரியையும் சேர்த்துப் பேசுங்கள்: தொழிலாளியின் மூளையலையையோ கண்ணசைவையோ முகபாவத்தையோ அளக்கும் எந்தக் கருவியும், தொழிலாளர்கள் கூடி ஒப்புக்கொள்ளாமல், லைனுக்குள் வரக்கூடாது. அந்த ஒப்பந்தம் நிரந்தரத் தொழிலாளருக்கு மட்டும்தான் என்று நிர்வாகம் சொல்லும். லைனில் நிற்பவர்களில் பெரும்பகுதி கான்ட்ராக்ட் ஆட்களும் டிரெய்னிகளுமாக இருக்கும் இடத்தில், அவர்கள் சார்பில் கையெழுத்துப் போடும் உரிமையையும் அதே மேசையில் கேட்டு வாங்க வேண்டும்.